பாடகர் வராத கேசட்

போன வாரம் நம் எட்டாம் வகுப்புக் குழுவில் ஒருத்தி ஆரம்பித்து வைத்தாள். அந்த வருஷம் உன் காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு எது, போடு என்றாள். ஒரு மணி நேரத்தில் முப்பது பாட்டு வந்துவிட்டது. எல்லாம் எனக்கும் தெரிந்தவைதான். டவுன் பஸ்ஸில் கேட்டவை, கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் கேட்டவை. நான் எதையும் போடவில்லை. என்னுடையதில் வார்த்தை கிடையாது. அதற்குப் பெயரும் எனக்குத் தெரியாது. நடுவில் வழக்கம்போல உங்களில் யாரோ நம் தறிக்காரர் மகளுக்கு ஒரு கோழிப் படம் அனுப்பினீர்கள். அவளும் சிரிக்கிற முகம் ஒன்றைப் பதிலுக்குப் போட்டாள். பதினெட்டு வருஷமாக அவள் அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் கோழியும் என் பாட்டும் ஒரே அறையிலிருந்து வந்தவை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குரல் பதிவாகச் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. எழுத்துதான் எனக்கு வரும். எங்கள் வீட்டில் எழுத்து முதலில் வந்தது எனக்குத்தான். அதில் எனக்கு உள்ள கர்வத்தை நான் உங்களிடம் மறைத்ததில்லை. மறைத்தது வேறு.

நாங்கள் நெசவுக் குடும்பம் இல்லை, உங்களுக்குத் தெரியும். பெரணமல்லூர்ப் பக்கத்திலிருந்து கூலிக்கு ஆரணி வந்தவர்கள். அப்பா லாரிக்கு லோடு ஏற்றினார். அம்மா ஒரு பட்டு முதலாளியின் கட்டடத்தில், பின்கட்டில், மற்றப் பெண்களோடு உட்கார்ந்து பட்டு நூல் சுற்றினாள். முன்கட்டில் தெருவைப் பார்த்த சின்ன அறையில் அட்டைக்காரர் இருந்தார்.

சேலையில் பூவோ பறவையோ வரவேண்டுமென்றால் தறியின் தலைக்கு மேல் ஓட்டை போட்ட அட்டைகள் மாலையாகத் தொங்க வேண்டும். எந்த இழை எழ வேண்டும், எது படுத்திருக்க வேண்டும் என்று அந்த ஓட்டைகள்தான் தறிக்குச் சொல்லும். படத்தைக் கட்டம் கட்டமாக வரைந்த கிராப் தாளைப் பார்த்து, ஒரு வரிசைக்கு ஓர் அட்டை என்று ஓட்டை குத்துவது அவர் வேலை. குத்துகிற இயந்திரத்துக்குப் பியானோ மிஷின் என்று பேர். விரல்களுக்கு வரிசையாகக் கட்டைகள், காலுக்கு மிதி. உண்மையான பியானோவை நான் பார்த்தது காலேஜில். இதில் ஓட்டை எங்கே விழும் என்றுதான் முதலில் தேடினேன்.

அட்டைக்காரருக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் ஆகாதவர். அந்த வருஷம் அவர் பார்வை மங்கிவிட்டது. கண்ணாடி போட்டாலும் கிராப்பின் சின்னக் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்றார். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னால் குத்திவிடுவார். முதலாளி ஆள் தேடியபோது அம்மா பின்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள்.

"எம் பொண்ணு படிக்கும்ங்க. எட்டாவது படிச்சிகினு கீது."

அம்மா அப்படி முந்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எட்டாவதோடு போதும், அதுவும் உன்னோடு வந்து நூல் சுற்றட்டும் என்று அப்பா வீட்டில் சொல்ல ஆரம்பித்திருந்தார். என் படிப்பால் ஊரில் ஒரு வேலை நடக்கிறது என்று காட்டிவிட்டால் ஒன்பதாவதுக்கு அனுப்பிவிடலாம் என்பது அம்மாவின் கணக்கு. அரையாண்டு லீவில் போய் உட்கார்ந்தேன். பள்ளி திறந்த பிறகு சாயங்காலங்களில் போனேன். என் ஜடையில் வட்ட வட்டமாக அட்டைப் பொட்டுகள் ஒட்டியிருந்ததையும், வகுப்பில் நீங்கள் அவற்றைப் பொறுக்கி ஊதி விளையாடியதையும் மறந்திருக்க மாட்டீர்கள்.

வேலை இதுதான். பலகையில் விரித்த கிராப்பின் மேல் ஒரு மரச்சட்டம் குறுக்கே கிடக்கும். நாலு விரல் அகலம். ஏற்கெனவே படித்த வரிசைகளை அது மூடியிருக்கும். சட்டத்தின் கீழ் விளிம்பை ஒட்டி இருக்கிற வரிசையைப் படிக்க வேண்டும். ரெண்டு குத்து, மூணு விடு, ஒண்ணு குத்து. வரிசை முடிந்ததும் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டுவிட்டுச் சட்டத்தை ஒரு வரிசை இறக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவர் விரல்கள் கட்டைகளில் அமுங்கும், கால் மிதிக்கும், டக் என்று ஓட்டை விழும். எங்கள் வீட்டில் நான் சத்தம் போட்டுப் படித்தால் அப்பா வெளியே எழுந்து போவார், அம்மா படிப்பது என்னவென்று தெரியாமலே தலையாட்டுவாள். இங்கே நான் படித்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருவருடைய விரல் அசைந்தது. அதற்கு முன்போ பின்போ என் படிப்பை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அவரிடம் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. கதவு உடைந்துபோய், கேசட் வெளியே விழாமல் ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். கேசட்டும் ஒன்றே ஒன்றுதான். எல்லாரும் சிடிக்கு மாறிக்கொண்டிருந்த காலம். அவர் அந்த ஒன்றையே திருப்பித் திருப்பிப் போடுவார். அதில் இரண்டு வாத்தியங்கள் முன்னால் வரும். ஒன்று ஆர்மோனியத்துக்கு அண்ணன் மாதிரி. மூச்சே விடாமல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, தரையெல்லாம் பரவி நிற்கும். இன்னொன்று மணியும் இல்லை, ஜலதரங்கமும் இல்லை. தட்டினால் எழும்பி, அடங்காமல், நடுங்கிக்கொண்டே காற்றில் போகும். பின்னால் யாரோ துடைப்பத்தால் பெருக்குவது போல ஒரு தாளம். கூடவே தடித்த கம்பியைச் சுண்டுகிற சத்தம். குரல் மட்டும் இல்லை.

பின்கட்டுப் பெண்களுக்கு அந்தக் கேசட் ஒரு விளையாட்டுப் பொருள். இன்னும் பாட ஆரம்பிக்கலியா என்று ஒருத்தி தினமும் கேட்பாள். பாடுறவரு டீ குடிக்கப் போய்கிறாரு, வந்துடுவாரு என்று இன்னொருத்தி பதில் சொல்வாள். கரண்டு போகிற நேரத்தில் பாட்டு இழுத்து இழுத்து, மாடு கத்துவதைப் போலாகி நிற்கும். அதோ பாடிட்டாரு என்று எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். யாரிடமும் சண்டைக்குப் போகாத ஆள். வாத்தியங்களின் பேரைக் கேட்டால் தெரியாது என்பார். பெங்களூரில் மிஷின் வேலை கற்றுக்கொண்டபோது அறையில் கூட இருந்தவர் விட்டுவிட்டுப் போன கேசட். அவர் திரும்பி வரவே இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அந்த நடுங்குகிற வாத்தியத்தைப் பற்றி நான் ஒரு நாள் ஒரு கண்டுபிடிப்பைச் சொன்னேன். டேபிள் ஃபேன் முன்னால் வாயை வைத்து ஆ என்று கத்தினால் குரல் துண்டு துண்டாக நடுங்கும் இல்லையா, அந்த மாதிரி இதற்குள் ஒரு ஃபேன் ஓடுகிறது என்றேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் கேட்டார். "இருக்கும் பாப்பா" என்றார். வேறு எந்தப் பெரியவரும் சிரித்திருப்பார்.

கேசட்டின் மேல் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை, கையெழுத்தில், பாதி அழிந்து இருந்தது. எழுத்துக் கூட்டி நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஆர்கன், வைப்ஸ். அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டுதான் பின்னாளில் தேடினேன்.

இப்போது சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் என் வேலை என்னவென்று தெரியுமில்லையா. மற்றவர்கள் எழுதியதில் எங்கே எது விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அதில் கெட்டிக்காரி என்று பெயர். ஹாஸ்டல் அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொள்வேன். அது ஜாஸ் என்கிற வகை என்றும், நடுங்குகிற வாத்தியத்தின் முழுப் பேர் வைப்ரஃபோன் என்றும் தெரிந்துகொண்டேன். உலோகப் பட்டைகளுக்குக் கீழே குழாய்கள், ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு சின்னத் தகடு, எல்லாத் தகடும் மோட்டாரில் சுற்றும். ஃபேன்தான். அதைப் படித்த அன்றைக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்வதற்கு ஒருவர்தான் இருந்தார், அவர் எங்கே என்று தெரியவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்து வாசித்த பதிவுகள் கொஞ்சம்தான் கிடைக்கின்றன. இரண்டுமே விட்ட இடத்தை நிரப்புகிறவை, அடங்க நேரம் எடுப்பவை. ஒன்றன் காலை ஒன்று மிதித்துவிடும். சில பதிவுகளில் ஆர்கன் சத்தம் போட்டு மற்றதை மூழ்கடித்துவிடுகிறது. நன்றாக வந்தவற்றில் ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் கையை எடுத்துவிடுகிறார். கிடைத்ததையெல்லாம் கேட்டுவிட்டேன். நான் தேடுவது அதில் இல்லை. அந்தக் கேசட்டில் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் ஓர் இடம் வரும். இரண்டும் ஏறிக்கொண்டே போய், சட்டென்று ஒன்றாக நிற்கும். துடைப்பம்கூட நிற்கும். நாம் மூச்சை இழுத்துப் பிடிக்கிற நேரம். பிறகு மறுபடி ஒன்றாக இறங்கும். அந்த இடம் வந்தால் நான் படிப்பதை நிறுத்துவேன், அவரும் மிதிப்பதை நிறுத்துவார். நாங்கள் பேசி வைத்துக்கொண்டது இல்லை.

மாசி மாதம் ஒரு முகூர்த்தச் சேலைக்கு அவசர ஆர்டர் வந்தது. கரையில் வரிசையாக அன்னப்பறவை, வளைந்த நீளக் கழுத்தோடு. புது டிசைன். கேசட்டைத் திருப்பிப் போடுவது என் வேலை, எனக்கு மிகப் பிடித்த வேலை. அன்றைக்கு முதல் பக்கம் முடிந்து க்ளிக் என்றதும் ஓடினேன். என் பாவாடை பட்டு மரச்சட்டம் நகர்ந்தது. திரும்பி வந்து பார்த்தேன், சட்டம் நேராகத்தான் கிடந்தது. அதன் விளிம்பில் தெரிந்த வரிசையிலிருந்து படித்தேன். சட்டம் எவ்வளவு இறங்கிவிட்டது என்று தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். எனக்குத் தவறு வராது என்று நினைத்த வயது. வேலை முடிந்ததும் அட்டைகளை எண்ணிச் சரிபார்ப்பது வழக்கம். முதலாளி வாசலில் நின்று, அதெல்லாம் எண்ணிகினு இருந்தா கல்யாணமே முடிஞ்சிடும், ஜல்தி கட்டிக் குடுங்க என்று வாங்கிப் போய்விட்டார்.

அந்த அட்டைகள் உன் வீட்டுத் தறியில்தான் ஏறின. இனி உன்னிடம்தான் சொல்கிறேன், நம் தறிக்காரர் மகளே.

உன் அப்பா முழுச் சேலையையும் நெய்து மடித்துக் கொண்டுவந்த அன்று நான் அங்கே இருந்தேன். முதலாளி பாய் விரித்துப் பிரித்தார். கரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது?"

"கோழிங்க" என்றார் உன் அப்பா. அவர் குரலில் சந்தேகமே இல்லை.

"முகூர்த்தச் சேலையில எவனாவது கோழி போடுவானா?"

"அன்னம்னு என்கிட்ட யாரு சொன்னாங்க? அட்டை கோழின்னு சொல்லிச்சி, நெய்தேன். பெரிய வூட்டுக் கல்யாணம், புது மாதிரி கேட்டுகிறாங்க போலன்னு நெனச்சேன். கொண்டைகூட நல்லா வந்துகீது பாருங்க."

பின்கட்டில் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். நான் சேலையைப் பார்த்தேன். சரிகையில் நூறு கோழி. குண்டாக, கழுத்தில்லாமல், சந்தோஷமாக இருந்தன.

அட்டைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்ததும் கிராப்பை எடுத்துக்கொண்டு வரச் சொல் என்று முதலாளி என்னிடம் சொன்னார். அறைக்குப் போனேன். சுருட்டி வைத்திருந்த தாளைப் பிரித்தேன். அன்னத்தின் கழுத்து இருக்கும் இடத்தில் பதினாறு வரிசைக்கு ஓரத்தில் டிக் இல்லை. மேலே டிக், கீழே டிக், நடுவில் வெறும் தாள். யார் பார்த்தாலும் தெரியும், படித்தவள் விட்டுவிட்டாள் என்று. அப்பா என்ன சொல்வார் என்பது வார்த்தை வார்த்தையாகக் காதில் கேட்டது. பென்சில் பெட்டியில்தான் இருந்தது. பதினாறு டிக் போட்டேன். போட்டு முடிக்க, நாம் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அவர் வந்தார். மூன்று பேர் சுற்றி நிற்க, தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். கண்ணில் பிடிபடவில்லை போலிருக்கிறது. கட்டைவிரலை ஓரத்தில் வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தார். பழைய டிக்குகள் தாளோடு ஊறிப்போனவை, ஒட்டாது. விரலை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். கருப்பாக இருந்தது. லுங்கியில் துடைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை.

"படிச்சது சரியாதாங்க கீது. நான்தான் குத்தாம உட்டுட்டேன்" என்றார்.

கண்ணும் தெரியவில்லை, காதில் வேறு பாட்டு, அப்புறம் வேலை எப்படி நடக்கும் என்று முதலாளி கத்தினார். கத்திய எல்லாமே அந்தக் கேசட்டைப் பற்றித்தான். அந்த வாரத்தோடு அட்டைக்காரர் போய்விட்டார். அம்மா அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். எம் பொண்ணு தப்பாப் படிக்காதுன்னு எனக்குத் தெரியும் என்று அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னாள். ஜூனில் நான் ஒன்பதாவது சேர்ந்தேன்.

உன் அப்பாவுக்கு அந்த முதலாளி பல மாதம் நெய்யப் பாவு நூல் கொடுக்கவில்லை, தறி சும்மா நின்றது. அட்டையின் தப்பு என்று தெரிந்த பிறகும், கோழியைப் பார்த்துச் சந்தேகம் வராத ஆளுக்கு எப்படித் தருவது என்றாராம். அந்த வருஷம் பள்ளியிலிருந்து நம் பக்கத்துத் திருமலைக்குச் சமணர் குகை பார்க்க அழைத்துப் போனார்கள், நீ வரவில்லை. உடம்பு சரியில்லை என்று டீச்சரிடம் சொல்லியிருந்தாய். பஸ்ஸில் உன்னைப் பற்றிப் பேச்சு வந்ததும் எல்லாரும் கோழி மாதிரிக் கொக்கரித்தோம். எல்லாரையும்விடச் சத்தமாகக் கொக்கரித்தது நான். மலை மேல் குகைக்குள் நின்று மறுபடி ஒரு தடவை செய்தேன், எதிரொலிக்கிறதா என்று பார்க்க. எதிரொலித்தது.

குழுவில் அந்தக் கோழிப் படம் வந்த மறுநாள் சனிக்கிழமை. பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு, அந்த டிக் போட்டது நான்தான் என்று சொன்னேன். அம்மா கையை நிறுத்தவில்லை. அந்தக் கொத்தை உருவி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"போம்போது அந்த ஆளு உனக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போனாரு. அந்த கேசட்ட."

என் கையிலிருந்த கொத்தைக் கீழே வைத்தேன்.

"பொண்ணு என்னப் பத்தி எப்பனா கேட்டா குடுங்க. கேக்கலன்னா வாணாம், உங்களாண்டையே இருக்கட்டும்னாரு."

"ஏம்மா நீ குடுக்கல?"

"நீ கேக்கவே இல்லியே."

கீரைக் காம்புகளை ஒதுக்கி வைத்தாள். தனியா இருக்கற ஆம்பள, வயசுக்கு வரப்போற பொண்ணுக்கு எதுக்குக் குடுக்கறாருன்னு என் மனசுலயும் ஒண்ணு இருந்துச்சி, பொய் சொல்லக் கூடாது என்றாள். ஆனாலும் நீ கேட்டிருந்தா குடுத்திருப்பேன் என்றாள். பெட்டியில் துணிக்கு அடியில் இரண்டரை வருஷம் வைத்திருந்தாளாம். அவர் எங்கே இருக்கிறார் என்று முதல் தடவையாக அன்றைக்குக் கேட்டேன். சேத்துப்பட்டுப் பக்கம் அக்கா வீடு என்றாராம். எந்த ஊர் என்று அம்மா கேட்டுக்கொள்ளவில்லை.

கேசட் எங்கே என்றும் கேட்டேன்.

"உங்க சித்தப்பா கம்பு போட்டிருந்தாரே, கிளி தொல்லை தாங்கலன்னு நாடா கேட்டாரு. எடுத்துக் குடுத்துட்டேன்."

வரும் சனிக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். உன் அப்பா முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதற்குள் அந்தக் கோழிப் படத்தை நிறுத்திக்கொண்டால் நல்லது. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் எனக்கு அனுப்புங்கள்.

அந்தக் கம்பங்கொல்லை எனக்கு நன்றாகத் தெரியும். பதினொன்றாவது காலாண்டு லீவில் பத்து நாள் அதன் வரப்பில் உட்கார்ந்துதான் படித்தேன். வீட்டில் என் படிப்பைக் கேட்கிறவர் யாரும் இல்லாததால் சத்தம் போட்டுப் படிக்க அங்கே போவேன். குச்சிக்குக் குச்சி பழுப்பு நாடாவை முறுக்கி இழுத்துக் கட்டியிருந்தார்கள். வெயிலில் மின்னும். காற்று அடித்தால் நாடா நடுங்கி, ஊம் என்று ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு கொல்லை முழுக்கப் பரவும். கிளிகள் கிட்டே வராது. திடீரென்று காற்று நிற்கும், எல்லா நாடாவும் ஒன்றாக நிற்கும். அப்போதெல்லாம் நான் படிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன், என்ன நின்றது என்று தெரியாமல்.